கொஞ்சம் விரித்துச் சொல்லுங்களேன்

‘பிடிஓ சாவி வாங்கியாச்சு. சிபிஎஃப்ல கழிச்சது போக மீதிக்கு லோன். தம்பி இன்னும் என்எஸ்லதான் இருக்கான், அடுத்த மாசம் ஓஆர்டி. தங்கச்சிக்கு இந்த வருசம் பிஎஸ்எல்இ. அம்மா நேத்து எம்சி, அதான் போன் எடுக்கல.’

தேக்காவிலோ ஈசூனிலோ ஒரு காப்பிக் கடையில் தே தாரிக்குக் காத்திருக்கும் இரண்டு நிமிடத்தில் இப்படியொரு பேச்சு உங்கள் காதில் விழலாம். ஐந்து வாக்கியங்கள், ஆறு சுருக்கப்பெயர்கள். நமக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. பேசியவருக்குப் புது வீடு கிடைத்துவிட்டது. தம்பி தேசிய சேவையை முடிக்கப் போகிறார். தங்கை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதப் போகிறாள். அம்மா மருத்துவ விடுப்பில் இருந்தார். திருச்சியிலிருந்து நேற்று வந்து இறங்கிய சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவருக்கு என்ன புரிந்திருக்கும்? சாவி, தம்பி, தங்கச்சி, அம்மா. மற்றதெல்லாம் வெறும் எழுத்துகள்.

சுருக்கப்பெயர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் சிங்கப்பூரில் அவைதான் வாழ்க்கையின் மைல்கற்கள். 1955-இல் சிபிஎஃப் வந்தது, 1960-இல் எச்டிபி வந்தது, 1987 நவம்பரில் இயோ சூ காங்கிற்கும் தோ பாயோவிற்கும் இடையே எம்ஆர்டி ஓடத் தொடங்கியது. நம் நாளிதழ்கள் இவற்றை மசேநி என்றும் வீவக என்றும் எழுதுகின்றன. ஆனால் வீட்டில் எந்தத் தாத்தாவும் ‘என் வீவக வீடு’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. எச்டிபி வீடுதான். காதலைச் சொல்வதற்கே இங்கே ஒரு சுருக்கம் இருக்கிறது: ‘நாம சேர்ந்து பிடிஓ போடலாமா?’ மோதிரமெல்லாம் அப்புறம்.

இதற்கு ஒரு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாடு இது. நீளமான ஆங்கிலப் பெயர் எல்லார் வாயிலும் நுழையாது. ஆனால் மூன்று எழுத்துகளைப் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியும், எதிர்வீட்டு மலாய் அங்கிளும், நம் ஆச்சியும் ஒரே மாதிரி சொல்லிவிடலாம். ஒருவிதத்தில் இந்த எழுத்துகள்தாம் நம்முடைய ஐந்தாவது மொழி. அந்த மொழியை யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தோம், யாரை விட்டுவிட்டோம் என்பதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறேன்.

எழுத்தா, சொல்லா?

முதலில் ஒரு சின்ன வேறுபாடு. முதலெழுத்துகளை ஒவ்வொன்றாக உச்சரித்தால் அது ஒரு வகை: எச்டிபி, எம்ஆர்டி, பிபிசி. எழுத்துகளைச் சேர்த்து ஒரே சொல்லாகப் படித்தால் அது இன்னொரு வகை: யுனெஸ்கோ, நேட்டோ, நம் சிண்டா. இந்த இரண்டாவது வகையைத்தான் ஆங்கிலத்தில் கறாராக ‘அக்ரோனிம்’ என்பார்கள். கிரேக்கத்தில் முனையையும் பெயரையும் குறிக்கும் இரு சொற்களை ஒட்டி உருவாக்கிய பெயர் அது. அன்றாடப் பேச்சில் இரண்டுக்கும் அதே பெயர்தான் ஓடுகிறது.

ஒரே சொல்லாகப் படிக்கப்படும் சுருக்கங்களுக்கு ஒரு தனி ராசி உண்டு. நாளடைவில் அவை சுருக்கம் என்பதையே உலகம் மறந்துவிடும். கண் அறுவை சிகிச்சைக்குப் போகும்போது ‘லேசர்’ என்கிறோம். ‘லைட் ஆம்ப்ளிஃபிகேஷன் பை ஸ்டிமுலேட்டட் எமிஷன் ஆஃப் ரேடியேஷன்’ என்ற வாக்கியத்தின் தலையெழுத்துகள் அவை. ‘ரேடார்’ என்பது 1940-இல் அமெரிக்கக் கடற்படை வைத்த சுருக்கம். முக்குளிப்பவர்கள் முதுகில் மாட்டும் ‘ஸ்கூபா’வும் அப்படியே. கைப்பேசியில் செருகும் ‘சிம்’, சந்தாதாரரின் அடையாளத்தைச் சொல்லும் சில்லு.

மறந்துபோனதற்கு அடையாளம், நாம் இரண்டு முறை சொல்வது. ‘பின் நம்பர்’ என்கிறோம். பின் என்பதன் கடைசி எழுத்தே நம்பர்தான். ‘ஏடிஎம் மெஷின்’ என்கிறோம். அதில் எம் என்பதே மெஷின். நடுசென்டர் என்று நாம் கேலி செய்யும் அதே கதை.

பெயர் வைப்பவர்கள் இப்போதெல்லாம் சாமர்த்தியசாலிகள். எழுத்துகளைக் கூட்டினால் ஏற்கெனவே பொருளுள்ள ஒரு சொல் வரும்படி பார்த்துக்கொள்கிறார்கள். மலாய்/முஸ்லிம் சமூகத்தின் சுய உதவி அமைப்பான ‘மெண்டாக்கி’ ஒரு சுருக்கப்பெயர். மலாயில் அந்தச் சொல்லுக்கே ‘மேலேறுதல்’ என்று பொருள். எல்லைக்கு அப்பால், ‘பெரித்தா நேஷனல் மலேசியா’ என்பதன் சுருக்கமான ‘பெர்னாமா’வுக்கு ‘பெயருடைய’ என்று பொருள். 2023 செப்டம்பர் முதல் எம்ப்ளாய்மெண்ட் பாஸ் கேட்டு விண்ணப்பிக்கும் நம் இளையர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் ‘காம்பஸ்’ புள்ளி முறையும் அப்படித்தான். பெயர் என்னவோ திசைகாட்டி. 40 புள்ளிகள் தேறினால்தான் திசை தெரியும்.

தமிழருக்கு இது இறக்குமதிச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். பழைய கணக்கு நோட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். வரவுக்கு ௷, பற்றுக்கு ௶, வருடத்திற்கு ௵, ‘மேற்படி’ என்று எழுதச் சோம்பல்பட்டால் ௸. செட்டியார் கிட்டங்கிகளில் கணக்கெழுதியவர்களுக்கு இவையெல்லாம் கைவந்தவை. பெயரிலும் அப்படியே. அப்பாவை ஒரே எழுத்தாக்கி நம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொள்கிறோம். அந்த எழுத்து எந்தப் பெயரின் தலை என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று இன்றைக்கே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ஒரே எழுத்து, ஊருக்கொரு பொருள்

சுருக்கப்பெயரின் பெரிய சிக்கல், அது யாருக்கும் சொந்தமில்லை என்பது. ஒரே எழுத்துகளை நான்கு பேர் நான்கு வேலைக்கு வைத்திருப்பார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்த ஒரு புது மாப்பிள்ளையிடம் மனிதவளப் பிரிவில் ‘உங்க வொய்ஃப் டிபி-யா?’ என்று கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வெட்கத்தோடு கைப்பேசியை நீட்டி, ‘ஆமாங்க, கல்யாண போட்டோதான் வச்சிருக்கேன்’ என்பார். அவருக்கு டிபி என்பது வாட்ஸ்அப் முகப்புப் படம். கேட்டவருக்கு அது குடும்பத்தினருக்கான அனுமதி அட்டை.

தகவல் தொழில்நுட்பத்தில் இருப்பவர்களுக்கு ஈஆர்பி என்றால் நிறுவனத்தின் கணக்கு, சரக்கு, சம்பளம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோக்கும் மென்பொருள். 1998 முதல் இந்த ஊரில் கார் ஓட்டுபவருக்கு அது சாலைக்கு மேலே நிற்கும் கட்டணச் சாவடி. ‘இன்னைக்கு ஈஆர்பி ரொம்ப ஏறிப்போச்சு’ என்று மேலதிகாரி புலம்பினால், புதிதாகச் சேர்ந்தவர் ‘சர்வரைப் பார்க்கட்டுமா சார்?’ என்று கேட்கக்கூடும்.

என் தொழிலிலும் ஒன்று இருக்கிறது. வானொலியில் இருப்பவர்களைத் திருமணங்களுக்கும் பொங்கல் நிகழ்ச்சிகளுக்கும் நெறியாளராகக் கூப்பிடுவார்கள். அதற்குப் பெயர் எம்சி. ‘சனிக்கிழமை எனக்கு எம்சி’ என்று எங்களில் யார் சொன்னாலும் முதல் கேள்வி ‘உடம்புக்கு என்ன?’ என்பதுதான்.

பெரிய மனிதர்களும் தப்பவில்லை. பிரிட்டனில் பத்திரிகைத் துறையின் போக்கை விசாரித்த லெவிசன் ஆணையத்தின் முன் 2012-இல் சாட்சி சொன்ன பத்திரிகை அதிகாரி ரெபெக்கா புரூக்ஸ், அப்போதைய பிரதமர் டேவிட் கேமரன் தமக்கு அனுப்பிய குறுஞ்செய்திகளைச் சில வேளைகளில் ‘எல்ஓஎல்’ என்று முடிப்பார் என்றார். ‘அன்புடன்’ என்பதுபோல ‘லாட்ஸ் ஆஃப் லவ்’ என்று நினைத்துக்கொண்டிருந்தாராம் பிரதமர். வாய்விட்டுச் சிரிப்பது என்று அதற்குப் பொருள் என அவரே பின்னர் எடுத்துச் சொல்லியிருக்கிறார். துக்கச் செய்திக்குப் பதில் எழுதும் எந்த அத்தையும் இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வாட்ஸ்அப் பல்கலைக்கழகம்

அத்தை என்றதும் குடும்பக் குழு நினைவுக்கு வருகிறது. ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று தொடங்கும் காலை வணக்கச் செய்திகளில் அடிக்கடி வருவது: நியூஸ் என்றால் நான்கு திசைகளின் ஆங்கில முதலெழுத்துகள், ஃபேமிலி என்றால் ‘ஃபாதர் அண்ட் மதர் ஐ லவ் யூ’. படிக்க நன்றாக இருக்கும். உண்மை இல்லை. நியூஸ் என்பது ‘புதியவை’ என்பதுதான். ஃபேமிலி லத்தீனிலிருந்து வந்தது. சொல் முதலில் பிறந்தது, விளக்கம் பிறகு தைக்கப்பட்டது.

ஆபத்தில் அனுப்பும் எஸ்ஓஎஸ் கூட ‘எங்கள் உயிரைக் காப்பாற்றுங்கள்’ என்பதன் சுருக்கம் இல்லை. மோர்ஸ் தந்தி முறையில் மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. இரைச்சலுக்கு நடுவிலும் தவறாமல் அடையாளம் காணலாம் என்பதற்காக ஜெர்மனி 1905-இல் ஏற்றுக்கொண்ட குறி அது. 1908-இல் உலக அளவில் நடைமுறைக்கு வந்தது. வாக்கியம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

ஒரு எளிய உரைகல் சொல்கிறேன். முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் செய்யும் பழக்கம் பெருகியது இருபதாம் நூற்றாண்டில்தான். அதற்கு முந்தைய பழைய சொல்லுக்கு யாராவது இப்படிப் பிறப்புக் கதை சொன்னால் பெரும்பாலும் அது கட்டுக்கதை. விதிவிலக்கும் உண்டு. அது நாம் நாளுக்கு நூறு முறை சொல்லும் ‘ஓகே’. 1839 மார்ச்சில் பாஸ்டன் நாளிதழ் ஒன்று, ‘ஆல் கரெக்ட்’ என்பதை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக ‘ஓல் கொரெக்ட்’ என்று வைத்துக்கொண்டு ஓகே என்று சுருக்கியது. அந்தக் காலத்து இளையர்களின் குறும்பு. ‘ஓஎம்ஜி’யும் நம் பிள்ளைகள் கண்டுபிடித்தது கிடையாது. முன்பு பிரிட்டிஷ் கடற்படைத் தளபதியாக இருந்த ஜான் ஃபிஷர், 1917-இல் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்திலேயே அது இருக்கிறது.

ஆகவே இளையர்கள் சுருக்கி எழுதுவதால் மொழி அழிந்துவிடும் என்று நான் புலம்பப் போவதில்லை. பிறந்தநாளுக்கு ‘எச்பிடி’ என்று மூன்றெழுத்தைத் தட்டிவிட்டால் நண்பன் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் அதே விரல், அவனுடைய அம்மா இறந்த செய்திக்குக் கீழே ‘ஆர்ஐபி’ என்று தட்டிவிட்டு அடுத்த காணொளிக்கு நகரும்போது எனக்கு உறுத்துகிறது. ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று எழுத எத்தனை விநாடி ஆகிவிடும்? ‘உங்க அம்மா கையால ஒருநாள் சாப்பிட்டிருக்கேன்’ என்று எழுத இன்னும் கொஞ்சம் ஆகும். அந்த நேரத்தை மிச்சப்படுத்தி நாம் என்ன செய்யப் போகிறோம்?

கூட்டத்தில் தலையாட்டுபவர்கள்

அலுவலகத்துக்கு வருவோம். ‘கேபிஐ சிலைடை இஓடிக்குள்ள அனுப்புங்க, கிளையண்ட் சைடு பிஓசி-கிட்ட பிஓசி பத்திப் பேசணும்.’ முதல் பிஓசி தொடர்புக்குரிய ஆள். இரண்டாவது பிஓசி, ஒரு திட்டம் நடைமுறையில் வேலை செய்யுமா என்று செய்துபார்க்கும் முன்னோட்டம். இஓடி என்றால் வேலை நாளின் முடிவு. யாருடைய நாள்? சிங்கப்பூரில் மாலை ஆறு மணி என்றால் லண்டனில் காலைதான்.

புதிதாகச் சேர்ந்த ஒருவர் இதைக் கேட்டதும் என்ன செய்வார்? பெரும்பாலும் தலையாட்டுவார். கேட்டால் ‘இதுகூடத் தெரியாதா’ என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். பிறகு இருக்கைக்கு வந்து இணையத்தில் தேடுவார். அங்கே பதினைந்து பொருள் இருக்கும்.

ராக்கெட் செய்யும் இடத்திலேயே இந்தத் தொல்லை இருந்திருக்கிறது. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தில் ஆளாளுக்குச் சுருக்கப்பெயர் உருவாக்கத் தொடங்கியதும், 2010-இல் எலான் மஸ்க் ஊழியர்கள் அனைவருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். புதிய ஊழியர்களால் இத்தனையையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது, கூட்டத்தில் அசடாகத் தெரிந்துவிடக் கூடாதே என்று புரியாமலேயே உட்கார்ந்திருப்பார்கள், ஆகவே இதை நிறுத்துங்கள் என்பது அதன் சாரம். சில சுருக்கங்களை வாயால் சொல்ல, மூலப் பெயரைவிட அதிக நேரம் ஆகிறது என்றும் அதில் சுட்டிக்காட்டியிருந்தார்.

அந்தக் கடைசிக் குறை வானொலிக்காரர்களுக்கு நன்றாகப் புரியும். ‘வேர்ல்டு வைடு வெப்’ என்பது மூன்றே சொல். அதைச் சுருக்கி ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ’ என்று படித்து முடிப்பதற்குள் பாட்டே போட்டுவிடலாம்.

சொல்லாமல், செய்யும் வேலையைச் சொல்லுங்கள்

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. செய்தித்தாள் வாசிப்பவர் புரியாவிட்டால் மேல் பத்திக்குத் திரும்பிப் போகலாம். வானொலி கேட்பவர் போக முடியாது. அவர் கையில் தோசைக்கரண்டியோ கார் ஸ்டீயரிங்கோ இருக்கும். அதனால் முதல் முறை முழுப்பெயரைச் சொல்ல வேண்டும், பிறகுதான் சுருக்கம்.

ஆனால் முழுப்பெயர் மட்டும் எப்போதும் போதாது. போக்குவரத்துச் செய்தியில் ‘தீவு விரைவுச்சாலை’ என்று மட்டும் சொன்னால், இருபது ஆண்டுகளாக டாக்சி ஓட்டும் அண்ணனுக்கும் ஒரு விநாடி யோசனை. ‘பிஐஇ’ என்றால் உடனே இடப்பக்கம் திரும்பிவிடுவார். ‘மின்னியல் சாலைக் கட்டணம்’ என்பதும் அப்படியே. அதனால் சுருக்கம், முழுப்பெயர் இரண்டையும் தாண்டி மூன்றாவதாக ஒன்றைப் பழகிக்கொண்டேன். அது என்ன வேலை செய்கிறது என்று ஒரே வரியில் சொல்வது. விரித்துச் சொல்வது என்று நான் இங்கே குறிப்பிடுவது அதைத்தான். எழுத்துகளைச் சொற்களாக்கினால் மட்டும் விரிந்துவிடாது.

2020 பிப்ரவரி 7-ஆம் தேதி மாலை உங்களுக்கு நினைவிருக்கலாம். கொவிட் பரவத் தொடங்கிய நேரம். ‘டோர்ஸ்கோன்’ நிலை மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு உயர்த்தப்பட்டது. அன்றிரவே பேரங்காடிகளில் அரிசி, மீ, கழிவறைத் தாள் வாங்க நீண்ட வரிசைகள். நோய்ப்பரவலின்போது எந்த அளவுக்கு முன்னெச்சரிக்கை தேவை என்று காட்டும் நான்கு வண்ண அளவுகோல் அது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. 2009-இல் எச்1என்1 காய்ச்சல் பரவியபோதும் ஆரஞ்சு அறிவிக்கப்பட்டிருந்தது. அப்போதும் கடைகள் திறந்துதான் இருந்தன. ஆனால் அந்த மாலையில் பலருக்குக் காதில் விழுந்தது ஒரு புரியாத பெயரும் ஓர் அபாய நிறமும் மட்டுமே. புரியாத பெயர் பயத்தைப் பெரிதாக்கும்.

புரிந்ததுபோல் இருக்கும் பெயர் இன்னும் மோசம். ‘ஓடிபி’யை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லாருக்கும் இந்த மூன்றெழுத்து பழக்கம். ‘பாட்டி, ஓடிபி வந்திருக்கா பாருங்க, நம்பரைச் சொல்லுங்க’ என்று பேரப்பிள்ளைகளே வாரம் இரண்டு முறை கேட்கிறார்கள். பாட்டியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆறு இலக்கத்தையும் அழகாகப் படித்துக்காட்டுகிறார். அவர் கற்றுக்கொண்ட பாடம்: ஓடிபி என்பது, யாராவது கேட்டால் படித்துச் சொல்ல வேண்டிய எண். பிறகு ஒருநாள் வங்கியிலிருந்து பேசுவதாக ஒரு குரல் மரியாதையாகக் கேட்கும்போது அவர் ஏன் மறுக்கப் போகிறார்?

2021 டிசம்பரில் உள்ளூர் வங்கி ஒன்றின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளை நம்பிச் சுமார் 790 பேர் மொத்தம் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தார்கள். ஏமாந்தவர்களில் படித்த இளையர்களும் இருந்தார்கள். ஆகவே இது பாட்டிகளின் அறியாமை பற்றிய கதையே இல்லை. ‘ஒருமுறை மட்டும் பயன்படும் கடவுச்சொல்’ என்று ஓடிபியை மொழிபெயர்த்துச் சொல்வதும் அரைகுறை உதவிதான். ‘ஆச்சி, இது உங்க பெட்டகத்தோட சாவி. வங்கியோ போலிசோ யாரும் சாவியைக் கேட்க மாட்டாங்க. கேட்டா அவன் திருடன். நான் கேட்டாலும், என் குரல்தானான்னு ஒரு தடவை திருப்பிக் கூப்பிட்டுப் பாருங்க’ என்று சொன்னால்தான் அது விரித்துச் சொன்னதாகும். சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை அழைக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கட்டில் தலைமாட்டில் மூன்றெழுத்து

மருத்துவமனையில் இது இன்னும் நெருக்கமாக வரும். கட்டிலின் தலைமாட்டில் ‘என்பிஎம்’ என்று ஓர் அட்டை தொங்கும். வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று பொருள். தண்ணீரும் கூடாது. அறுவை சிகிச்சைக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும். மயக்க மருந்து கொடுத்த நிலையில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அட்டையைப் படித்தும் புரியாத ஒருவர், ‘பாவம், காலையிலிருந்து பட்டினி’ என்று ஃபிளாஸ்க்கைத் திறந்து இரண்டு வாய் கஞ்சி கொடுத்துவிட்டால் அன்றைய சிகிச்சையே தள்ளிப்போகலாம். அன்பில் குறையில்லை. அட்டைதான் அவரோடு பேசவில்லை.

மருத்துவர்களுக்குள்ளேயே சுருக்கங்கள் விபரீதம் செய்வதுண்டு. இன்சுலின் அளவை எழுதும்போது ‘யூனிட்’ என்பதற்குப் பதில் அதன் ஆங்கில முதலெழுத்தை மட்டும் அவசரக் கையெழுத்தில் போட்டால், அது பூஜ்யம்போலத் தெரியும். 10 யூனிட், 100 ஆகிவிடும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயிண்ட் கமிஷன், பயன்படுத்தவே கூடாத சுருக்கங்கள் என்று 2004-இல் ஒரு பட்டியல் போட்டபோது அந்த ஒற்றை எழுத்தையும் அதில் சேர்த்தது. நீரிழிவு நம் சமூகத்துக்கு அந்நிய நோய் இல்லை என்பதால் இதைச் சொல்கிறேன்.

இன்னொரு மூன்று மூன்றெழுத்துகள் இருக்கின்றன. நாற்பதைத் தாண்டிய பிள்ளைகளும் எழுபதைத் தாண்டிய பெற்றோரும் இருக்கும் வீடுகளில் இவை இப்போது அடிக்கடி அடிபடுகின்றன: எல்பிஏ, ஏஎம்டி, ஏசிபி. மூன்றும் ஒன்று என்று நினைத்து, ‘சாவைப் பத்தி இப்ப எதுக்குப் பேச்சு’ என்று பேச்சை மாற்றிவிடும் வீடுகள் நிறைய. மூன்றும் வேறு வேறு.

எல்பிஏ, சாவைப் பற்றியதே இல்லை. பின்னாளில் மறதிநோயாலோ பக்கவாதத்தாலோ தானாக முடிவெடுக்க முடியாமல் போனால், தன் பராமரிப்பையும் பணத்தையும் யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தெளிவாக இருக்கும்போதே ஒருவரை நியமித்துவைக்கும் சட்டப் பத்திரம். 21 வயதானவர் எவரும் செய்துகொள்ளலாம்.

ஏஎம்டி வேறு. குணப்படுத்த முடியாத நோயின் கடைசிக் கட்டத்தில், நினைவும் தப்பிவிட்ட நிலையில், உயிரைச் செயற்கையாக நீட்டிக்கும் அசாதாரண சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே கையெழுத்திட்டுவைப்பது. இதற்கென 1996-இல் சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்டால் மருத்துவர்கள் கைவிட்டுவிடுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். வலியைத் தணிக்கும் பராமரிப்பு நிற்காது.

ஏசிபி சட்டப் பத்திரமே இல்லை. எப்படி வாழ விரும்புகிறேன், எந்த மாதிரியான சிகிச்சை எனக்கு ஏற்றது, கடைசி நாள்களை வீட்டில் கழிக்க ஆசையா என்று குடும்பத்தோடு பேசி, அதைப் பதிவு செய்துவைக்கும் உரையாடல்.

இப்படி ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி சொன்னால் போதும், அப்பா ‘வேண்டாம்’ என்று சொன்னாலும் எதை வேண்டாம் என்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். வெறும் எழுத்துகளாக விட்டுவிட்டால், ஒருநாள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றுகொண்டு அண்ணனும் தங்கையும் ‘அப்பா என்ன நினைச்சிருப்பார்’ என்று ஊகிக்க வேண்டியிருக்கும். அந்த வாசலில் நின்றவர்களுக்கு அதன் கனம் தெரியும்.

இந்த வார இறுதியில் ஒரு வேலை

சுருக்கப்பெயர்களை விட்டொழியுங்கள் என்று சொல்ல வரவில்லை. அது முடியாது, தேவையும் இல்லை. எம்ஆர்டியை எம்ஆர்டி என்றே சொல்வோம். சுருக்கம் தெரிந்தவர், தெரியாதவருக்கு ஒரு வரி கடன்பட்டிருக்கிறார் என்பதை மட்டும் நினைவில் வைப்போம்.

அலுவலகத்தில் நீங்கள் மூத்தவரானால், அடுத்த கூட்டத்தில் முதல் முறை முழுதாகச் சொல்லுங்கள். இளையவரானால், ‘அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்களேன்’ என்று கேளுங்கள். நீங்கள் கேட்டதும் அறையில் இன்னும் மூன்று பேர் நிம்மதிப் பெருமூச்சு விடுவதைக் கவனிக்கலாம். பள்ளியிலிருந்து வரும் கடிதத்தில் புரியாத எழுத்துகள் இருந்தால் ஆசிரியரைக் கேட்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

வீட்டில், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தாள் எடுங்கள். தாத்தா, பாட்டி, வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் உட்காருங்கள். அவரவர் தினமும் கேட்கிற, ஆனால் சரியாகத் தெரியாத சுருக்கங்களைச் சொல்லட்டும். பிள்ளைகள் தமிழில் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வரி எழுதட்டும்: அது என்ன வேலை செய்கிறது, வந்தால் நாம் என்ன செய்ய வேண்டும். அவர்களுக்கும் தமிழ் எழுதிப் பழகியதுபோல் இருக்கும். பெரிய எழுத்தில் எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். முதல் வரி ஓடிபியாக இருக்கட்டும்.